கறுத்த முகத்தில் விழும் ஒளி

மார்பளவுச் சிற்றுருக்களுக்குச் சாயம் தீட்டும் கலையைப் பற்றி நேயர்கள் பலரும் ஓரளவு கேள்விப்பட்டிருப்பர். அஞ்சலில் வந்து சேரும் சிறிய பெட்டியைத் திறந்தால், ரெசின் என்னும் வார்ப்புப் பிசினால் ஆன சாம்பல் நிற உருவம் ஒன்று, தலை தனியாகவும் தோள் தனியாகவும் கொம்போ கிரீடமோ தனியாகவும் பிரிந்து கிடக்கும். அவற்றைத் தேய்த்து, ஒட்டி, சாயம் தீட்டி, ஒரு மரக்கட்டையின் மேல் நிறுத்துவதே வேலை. அரக்கன், குள்ள வீரன், சூனியக்காரி, கூர்ங்காது கொண்ட வனவாசி, கொம்பு முளைத்த பூதம் என்று கதைகளில் மட்டுமே வாழும் முகங்களே இவற்றில் மிகுதி என்பதால், இவற்றைக் கற்பனை மார்பளவுச் சிற்றுருக்கள் எனலாம். ஆர்வலர்கள் சுருக்கமாக ‘பஸ்ட்’ என்பர். இந்த அளவுக்குத் தெரிந்தோர் அடுத்து அறிய வேண்டியது ஒன்றே: இக்கலையின் உரைகல் கொம்பும் அன்று, கவசமும் அன்று, முகத்தின் தோல், அதிலும் கறுத்த தோல்.

சிற்றுருவின் அளவை விகிதத்தால் குறிப்பது வழக்கம். மேசை விளையாட்டுகளில் படையாக அணிவகுக்கும் பொம்மைகள் 28 முதல் 32 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. மார்பளவு உருவங்களோ பெரும்பாலும் மெய்யான மனித அளவில் பத்தில் ஒரு பங்காகவோ பன்னிரண்டில் ஒரு பங்காகவோ செதுக்கப்படுபவை. பத்தில் ஒரு பங்கு என்றால், நெற்றியிலிருந்து மோவாய் வரை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் உயரமுள்ள முகமும், 3 மில்லிமீட்டர் அகலமுள்ள கண்ணும், அதற்குள் 1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் கருவிழியும் கொண்ட உருவம் என்று பொருள். ஆளுயரச் சிலையின் மேல் வெயில் விழும்போது மூக்கின் நிழல் தானாகவே கன்னத்தில் சாய்ந்துவிடும். 2 சென்டிமீட்டர் முகத்திலோ, அறை விளக்கின் ஒளி எல்லாப் பக்கமும் கசிந்து, மேட்டையும் பள்ளத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலக் காட்டிவிடும். எனவே, சிற்பி மேடுபள்ளத்தைத் தருகிறார், ஒளியைத் தருபவர் தீட்டுபவரே என்று கொள்ள வேண்டும். கன்னத்துக்குக் கீழே எவ்வளவு இருள், நெற்றிக்கு மேலே எவ்வளவு வெளிச்சம் என்பதை அவரே முடிவு செய்கிறார். அந்த முடிவுக்கு இரண்டு விதிகள் உண்டு. இவ்வுரை அவற்றையே மீண்டும் மீண்டும் சொல்லப் போகிறது. ஒளி ஒரு திசையிலிருந்து வர வேண்டும். சாயம் மெல்லிய பூச்சாக ஏற வேண்டும்.

இக்கலை ஐரோப்பாவில் வளர்ந்தது. வரலாற்றுப் போர்வீரர்களின் உருவங்களுக்குச் சாயம் தீட்டிய மரபிலிருந்தும், பிரிட்டனின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வளர்த்த கற்பனைப் போர் விளையாட்டுகளிலிருந்தும் அது கிளைத்தது. அந்நிறுவனம் 1987இல் தொடங்கிய ‘கோல்டன் டீமன்’ என்னும் சாயம் தீட்டும் போட்டி, இதைப் போட்டிக் கலையாகவே உயர்த்தியது. இன்று ஆர்வலர்களின் மேசைகளில் காணப்படும் நீர்க்கலப்புச் சாயங்களில் புகழ்பெற்ற வாய்யெஹோ நிறுவனம், 1965இல் அமெரிக்காவில் தோன்றி 1969இல் ஸ்பெயினுக்குப் பெயர்ந்தது. அக்ரிலிக் என்னும் இச்சாயம் நீரில் கரைந்து, உலர்ந்தபின் நீரில் கரையாத தோலாக இறுகிவிடும் தன்மை உடையது. ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சை ஏற்றும் வழி இதனாலேயே எளிதாயிற்று. எனினும் ஐரோப்பாவில் வளர்ந்த கலை ஐரோப்பிய முகத்தையே தன் பாடமாகக் கொண்டது. வழிகாட்டி நூல்களும் சாயப் பெட்டிகளும் ‘தோல் நிறம்’ என்ற பெயரில் பெரும்பாலும் இளஞ்சிவப்பையே தந்துவந்தன. கறுத்த தோல் பின்னிணைப்பாகவே நின்றது. தமிழ் ஆர்வலர் ஒருவர் தம் வீட்டு முகங்களையெல்லாம் மறந்து, வெளிறிய வனவாசியின் கன்னத்துக்கு ரோசாச் சிவப்பு ஏற்றுவதையே பயிற்சியின் உச்சம் என எண்ணுவது அதன் விளைவு.

அண்மைக் காலப் போக்கு இந்தக் குறையை இன்னும் பெரிதாக்கியது. 2019இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளியிட்ட ‘கான்ட்ராஸ்ட்’ வகைச் சாயங்கள், வெளிர் அடிப்பூச்சின் மேல் ஒரே முறை பூசினால் பள்ளத்தில் தேங்கிக் கருமையாகவும் மேட்டில் வழிந்து வெளிறியும் காட்சி தருபவை. ஐம்பது போர்வீரர்களை ஒரு வாரத்தில் முடித்தாக வேண்டியவர்க்கு அவை பெருந்துணை. ஆனால் அவை முகத்துக்கு உரியவை அல்ல. பள்ளம் எல்லாம் நிழலாவதில்லை, மேடு எல்லாம் ஒளி பெறுவதில்லை என்பதை அவை அறியா. மேலிருந்து வரும் ஒளியில், கீழுதடு மேடாக இருந்து வெளிச்சம் பெறும். மேலுதடும் மேடுதான், ஆயினும் அது கீழ்நோக்கிச் சரிவதால் நிழலில் நிற்கும். தேங்கும் சாயம் இந்த வேற்றுமையை எவ்வாறு அறியும்? அதுபோலவே, ஒரு கன்னத்தில் ஊதாவும் மறு கன்னத்தில் நீலமும் பாய்ச்சி, இரவு விடுதியின் விளக்குகளுக்கிடையே நிற்பதைப் போல எல்லா முகத்தையும் ஒளிரச் செய்யும் வழக்கமும், காற்றுத் தூரிகையால், அதாவது ஏர்பிரஷ்ஷால், சாயத்தைத் தெளித்தே முகம் முழுவதையும் முடித்துவிடும் வழக்கமும் பரவியிருக்கின்றன. இவற்றில் திறமை இல்லை என்பதன்று. முகம் இல்லை என்பதே குறை. ஏர்பிரஷ் அடிப்பூச்சோடு நின்றுவிட வேண்டும்; முகம் தூரிகைக்கே உரியது.

அந்த அடிப்பூச்சிலிருந்தே கறுத்த முகத்தின் வேலை தொடங்குகிறது. பிரைமர் எனப்படும் அடிப்பூச்சு, ரெசினைப் பற்றிக்கொண்டு, மேலே வரும் சாயத்துக்குப் பிடிமானம் தருவது. முதலில் உருவம் முழுவதற்கும் கருமை ஏற்றி, அது உலர்ந்தபின், உச்சிக்குச் சற்று முன்புறத்திலிருந்து மட்டும் வெண்மையைத் தூவினால், மேலிருந்து விழும் ஒளி எங்கெங்கே படும் என்பது உருவத்தின் மேலேயே வரைபடமாகப் பதிந்துவிடும். இதை உச்சியொளி அடிப்பூச்சு எனலாம். சாயம் ஏற ஏற இந்த வரைபடம் மறைந்துவிடும் என்பதால், அதற்கு முன்னமே கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பின்னர் எந்த நிறத்தை எடுத்தாலும், எந்த இடத்தில் தயங்கினாலும், அந்தப் படமே தீர்ப்புச் சொல்லும். ஒளி ஒரு திசையிலிருந்து வர வேண்டும் என்ற முதல் விதி, முதல் நாளிலேயே இவ்வாறு உறுதியாகிவிடுகிறது.

இனி நிறம். கறுத்த தோல் என்பது கருமையும் அன்று, மரத்தின் பழுப்பும் அன்று. அதன் அடிநிறம் ஆழ்ந்த செம்பழுப்பு. அதன் நிழல் கருமையால் ஆனதன்று, பழுப்போடு கருநீலமோ கருஞ்சிவப்போ கலந்த ஆழம். அதன் நடுவெளிச்சம் மஞ்சட்காவி கலந்த செம்மை. அதன் உச்ச ஒளியோ, பலர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, வெதுவெதுப்பான நிறமே அன்று, வெளிர்நீலம் கலந்த சாம்பல். வெளிறிய தோல், தன்மேல் படும் ஒளியைப் பெருமளவு பரப்பித் திருப்பி அனுப்புவதால், அதன் வெளிச்சப் பகுதி அகலமாகவும் ஓரம் மென்மையாகவும் இருக்கும். கறுத்த தோல் ஒளியின் பெரும்பகுதியைத் தன்னுள் வாங்கிக்கொள்வதால், எண்ணெய்ப் பசையும் வியர்வையும் படிந்த மேற்பரப்பில் தெறிக்கும் பளபளப்பே கண்ணுக்கு முதலில் புலப்படும். அந்தப் பளபளப்பு வானத்தின் நிறத்தைத் தாங்கி வருவது. அதனால் அது குளிர்ந்தும், சிறுத்தும், ஓரம் கூர்மையாகவும் நிற்கும். ஆகவே, கறுத்த முகத்துக்கு ஒளியேற்ற விரும்புபவர் அடிநிறத்தோடு வெள்ளையைக் கலந்தால், முகம் ஒளி பெறாது. திருநீறு பூசியதைப் போலச் சாம்பல் பூத்துவிடும். வெள்ளை கலக்கக் கூடாது. காவி கலந்து உயர்ந்து, இறுதியில் நீலச் சாம்பலைப் புள்ளியளவே தொட வேண்டும். இதை இன்னொரு முறை சொல்வது தகும்: வெள்ளை கலந்தால் கறுத்த முகம் வெளுக்கும், ஒளிராது.

இவ்வுரையாளர் தீட்டிய முதல் கறுத்த முகமும் இவ்வாறே சாம்பல் பூத்து, மூன்று முறை கழுவப்பட்டு மீண்டும் தீட்டப்பட்டது. அதற்கான விடை எந்த நூலிலும் கிடைக்கவில்லை. மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில், நியாலாஸ் வட்டாரத் தோட்டமொன்றின் விடியலில் கிடைத்தது. பால்மரம் சீவப் புறப்படுவோர் இருள் பிரியும் முன்னரே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிற்பது தோட்டப்புறத்தார் அறிந்த காட்சி. ஒருவரின் தலைவிளக்கு எதிரே நிற்கும் மூத்த தொழிலாளியின் முகத்தில் பட்டபோது, அவர் நெற்றியில் அரிசியளவு வெண்ணீலத் தெறிப்பும், அதைச் சூழ்ந்து செங்காவி நிறமும், தாடைக்குக் கீழே கருஞ்சிவப்பான இருளும் தெளிவாகப் பிரிந்து நின்றன. சற்று நேரத்தில் கிழக்கே லேடாங் மலைப் பக்கம் வெளுக்கத் தொடங்கியதும், விளக்கு அணைக்கப்பட்டு, அதே முகத்தில் அதே தெறிப்பு நெற்றியின் மேற்புறத்துக்கு இடம் மாறி, அகன்று, மங்கியது. முகம் ஒன்றே, ஒளியின் திசை மாறியதும் நிறங்களின் இடமெல்லாம் மாறின. இக்கலையில் திசைக்கு உள்ள இடத்தை அதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் காட்ட முடியாது.

இந்த நிறங்களை ஒன்றிலிருந்து ஒன்றாக உருகச் செய்யும் வழி, கிளேஸ் என்னும் மெல்லிய பூச்சு. ஒரு சொட்டுச் சாயத்துக்கு ஆறு முதல் எட்டுச் சொட்டு நீர் சேர்த்தால், அது சாயம் என்பதைவிட நிறமேறிய நீர் என்னும்படி இருக்கும். தூரிகையை அதில் தோய்த்து, மெல்லிழைத் தாளில் ஒருமுறை ஒற்றி, மிகுதி நீரை இறக்கிவிட வேண்டும். ஒற்றாமல் வைத்தால் சாயம் பள்ளத்துக்கு ஓடிக் குளமாகிவிடும். பின்னர் தூரிகையை எந்தப் பக்கம் இழுத்து முடிக்கிறோமோ, அந்த முனையிலேயே நிறத்துகள்கள் மிகுதியாகப் படியும் என்ற நுட்பத்தை நினைவில் கொள்ள வேண்டும். நிழல் நிறமாயின் வெளிச்சத்திலிருந்து நிழலை நோக்கியும், ஒளி நிறமாயின் நிழலிலிருந்து மேட்டை நோக்கியும் இழுத்து, மேட்டின் உச்சியில் தூரிகையைத் தூக்க வேண்டும். ஒரு பூச்சு இட்டதும் கண்ணுக்கு ஏதும் மாறியதாகத் தோன்றாது. தோன்றினால் சாயம் கெட்டி என்று பொருள். அது முற்றும் உலர்ந்தபின் அடுத்தது. அதன் மேல் அடுத்தது. ஒரு கன்னம் இருபது பூச்சுகளை வாங்கிக்கொண்ட பின்னரே, பழுப்பு எங்கே முடிந்தது, காவி எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாத நிலை வரும். மெய்யான தோலும் படலம் படலமாக அமைந்து, உள்ளிருக்கும் குருதியின் செம்மையை மேற்படலம் வழியே கசிய விடுவது. மெல்லிய பூச்சு அந்த அமைப்பையே பின்பற்றுகிறது. சாயம் மெல்லிய பூச்சாக ஏற வேண்டும் என்ற இரண்டாம் விதியின் காரணம் இதுவே.

இந்த அறிவு முழுவதும் மேற்கிலிருந்து வந்ததன்று. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் உள்ள சித்திரசூத்திரம் என்னும் பகுதி, மேடுபள்ளத்தைச் சாயத்தால் காட்டும் முறையை வர்த்தனை என்று வகுத்து, அதை மூவகையாக்குகிறது: இலை நரம்புகளைப் போலக் கோடுகளால் நிழலிடுவது பத்ரஜம், மிக நுண்ணிய தீற்றல்களால் இடுவது ஐரிகம், புள்ளிகளால் இடுவது பிந்துஜம். இன்றைய மார்பளவுச் சிற்றுருக் கலைஞர்கள் தோலின் துளைகளையும் கரடுமுரடையும் காட்டத் தூரிகை முனையால் நுண்புள்ளிகள் இடும் முறை, பிந்துஜத்தின் நெருங்கிய உறவே. அஜந்தாக் குகையோவியங்களில் கறுத்த முகங்களின் மூக்குத் தண்டிலும் உதட்டிலும் இடப்பட்ட வெளிர்க்கோடுகளைக் கண்டோர், ஒளியைப் புள்ளியளவில் சிக்கனமாகத் தொட்ட கைகளை அங்கே அறிந்துகொள்வர். தஞ்சைப் பெரிய கோயிலில், பிற்கால நாயக்கர் ஓவியத்தின் அடியில் மறைந்திருந்து, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமியால் கண்டறியப்பட்ட சோழர் கால ஓவியங்களும், மாநிற முகங்களை அவற்றின் மாநிறத்திலேயே மதித்துத் தீட்டியவை. கறுத்த முகத்துக்கு வழிகாட்டி இல்லை என்று தமிழ் ஆர்வலர் சொல்ல வேண்டியதில்லை. தேட வேண்டிய இடம் மட்டுமே வேறு.

தோட்டப்புறத்தாருக்கு இன்னும் அருகிலுள்ள ஒப்புமை, எல்லையில் காவல் நிற்கும் முனியாண்டியும் மதுரை வீரனும். பிதுங்கிய விழி, முறுக்கிய மீசை, கோரைப்பல் ஆகியவற்றோடு சுதையிலும் சிமெண்டிலும் நிற்கும் அம்முகங்கள், கற்பனை மார்பளவு உருவங்களில் வரும் எந்த அரக்கனுக்கும் மூத்தவை. திருவிழாவுக்கு முன் ஊரார் எனாமல் சாயத்தால் அவற்றைப் புதுப்பிப்பது வழக்கம்; அங்கே முகம் ஒரே நிறமாகவும், விழியின் வெண்மை முழு வெண்மையாகவும், மீசை முழுக் கருமையாகவும் பளிச்சிடுவது குற்றமன்று. வெட்டவெளியில் நிற்கும் ஆளுயரச் சிலைக்கு நிழலைச் சூரியனே தருகிறது. இரவில் தூரத்திலிருந்து கற்பூர ஒளியில் காணும் பக்தனுக்கு அந்த வெண்விழி தெரிந்தாக வேண்டும். ஆனால் அதே முறையைக் கையளவு உருவத்துக்குக் கொண்டுவந்தால், சூரியன் இல்லாத அறையில் அது பொம்மையாகிவிடும். பொன்னுக்கும் இது பொருந்தும். 2006இல் திறந்துவைக்கப்பட்ட பத்துமலை முருகன் சிலை, 42.7 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 300 லிட்டர் பொன்னிறச் சாயத்தைச் சுமந்து நிற்கிறது. காலை வெயிலும் மாலை வெயிலும் அதன் மேல் உலாவுவதால் அதன் பொன் உயிரோடு இருக்கிறது. 7 சென்டிமீட்டர் உருவத்தின் கவசத்துக்கு அதே பொன்னிறச் சாயத்தைப் பூசினால், துகள்கள் மட்டும் மின்னும், கவசம் மின்னாது. அங்கே கரும்பழுப்பு, மஞ்சட்காவி, வெளிர்மஞ்சள், ஒரு துளி வெண்மை என்ற உலோகமற்ற நிறங்களாலேயே உலோகத்தை வரைந்து காட்டுவதே உயர்ந்த முறை. கவசத்தின் ஒளிக்கோடும் நெற்றியின் ஒளிப்புள்ளியும் ஒரே திசையைச் சுட்ட வேண்டும் என்பதே அதன் நிபந்தனை.

மலேசியாவின் ஈரக்காற்றைப் பற்றியும் ஒரு சொல் தேவை. குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் நேரக் கணக்குகள் இங்கே பொருந்தா. மழைக்கு முன் காற்று கனத்து நிற்கும் பிற்பகலில் அடிப்பூச்சைத் தெளித்தால், அது மேற்பரப்பில் மாவு படிந்ததைப் போலச் சொரசொரப்பாகவோ பனிப்படலம் போல மங்கியோ போய்விடும். காலையில், மழை இல்லாத வேளையில், குறைந்த அளவாகத் தெளிப்பதே நல்லது. ஈரத் தட்டு என்பது, நனைத்த பஞ்சின் மேல் பேக்கிங் தாளை விரித்து, சாயம் உலராமல் காக்கும் பெட்டி. இங்கே அதைச் சில நாள் மூடி வைத்தாலே பூஞ்சை பிடித்துவிடும் என்பதால், பஞ்சை அடிக்கடி வெந்நீரில் அலசி உலர்த்த வேண்டும். ரெசினைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குத் தீங்கு. நீரில் நனைத்தே தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம். தூரிகையைப் பற்றி ஒன்றே: மிகச் சிறிய தூரிகையைத் தேடி அலைய வேண்டாம்; சைபீரிய மரநாயின் முடியால் ஆன கொலின்ஸ்கித் தூரிகையில் நடுத்தர அளவே போதும், ஏனெனில் வயிறு பருத்த தூரிகை நீரைத் தாங்கும், அதன் கூர்முனையே கோட்டை முடிவு செய்யும். முனை விரிந்தால் அத்தூரிகை முகத்தை விட்டு விலக வேண்டும்.

எஞ்சியிருப்பது கண். சிற்பமரபில் கண் திறப்பு என்பது எல்லா வேலையும் முடிந்தபின், நன்னாள் பார்த்து நடத்தப்படும் சடங்கு. மார்பளவுச் சிற்றுருக் கலைஞர்களோ பெரும்பாலும் கண்ணையே முதலில் தீட்டுகின்றனர். 3 மில்லிமீட்டர் கண்ணுக்குள் கை தவறி இமைக்கு வெளியே கோடு போனால், பின்னால் வரும் தோல் நிறம் அதை மூடிவிடும் என்பதே அதற்குக் காரணம். இரண்டும் முரண் போலத் தோன்றினும், ஓர் இடத்தில் இரண்டும் கூடுகின்றன. வெள்விழிக்கு வெண்மை இடாமல் மங்கிய சாம்பற்காவி இட்டு, மேலிமையின் நிழலை அதன் மேல் ஒரு கோடாக விழச் செய்து, கருவிழியின் மேல்விளிம்பு இமைக்குள் மறையும்படி வைத்து, கண்மணியை நடுவில் நிறுத்திய பின்னும், அந்தக் கண் குருடாகவே இருக்கும். முகம் முடிந்து, கவசம் முடிந்து, கேசம் முடிந்து, எல்லாப் பூச்சும் உலர்ந்தபின், தூரிகையின் கூர்முனையில் வெண்மையைத் தொட்டு, கருவிழியின் மேற்புற ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி இடப்படுகிறது. இரு கண்களிலும் அது ஒரே பக்கம் நிற்க வேண்டும். நெற்றியின் நீலச் சாம்பலும் கவசத்தின் ஒளிக்கோடும் எந்தத் திசையைச் சுட்டுகின்றனவோ, அதே திசையில் நிற்க வேண்டும். வெள்ளை கலக்கக் கூடாது என்று இவ்வளவு நேரம் விலக்கப்பட்ட வெள்ளைக்கு, கறுத்த முகத்தில் முழுமையாக இடம் கிடைப்பது அந்த ஒரு புள்ளியில்தான்.